பழைய ஓவியத்தில் கை வைக்கும் முன்

அன்புள்ள கயல்,

கண்காட்சிக்கு முன் கல்லூரிக் கால ஆயில் ஓவியங்களைத் திருத்தப் போவதாக எழுதியிருந்தாய். உன் கோடு இப்போது உறுதிப்பட்டிருக்கிறது, நிறங்களும் அடங்கியிருக்கின்றன. பழையவை கண்ணை உறுத்தத்தான் செய்யும். ஆனாலும் எது பிழை, எது அன்றைய உன் பாணி என்று முதலில் பிரித்துப் பார். மீன்சந்தைப் படத்தில் கூடைக்காரியின் முழங்கை தப்பான இடத்தில் மடிகிறது. அது பிழை, திருத்து. வானத்தில் அப்பியிருக்கும் கனமான தீற்றல்கள் அப்படியல்ல. அன்று நீ வானத்தைப் பார்த்த விதமே அதுதான்.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் ‘குடைகள்’ ஓவியத்தை உற்றுப் பார். 1881 வாக்கில் தொடங்கிய படம் அது. இத்தாலி போய் வந்து, பாணி மாறிய பிறகு, 1885 வாக்கில் மறுபடி கையிலெடுத்தார். வலப்பக்கத்துச் சிறுமிகள் மென்மையான, கலைந்த தீற்றலில் இருக்கிறார்கள். இடப்பக்கத்துப் பெண்ணோ கூரிய விளிம்போடு நிற்கிறாள். உடையின் மோஸ்தரே வேறு. முதல் கட்டத்தில் கோபால்ட் நீலம், பிந்தியதில் அல்ட்ராமரைன் என்ற வேறொரு நீலம். எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் இரண்டு பாணிகளை ஒரே கேன்வாஸ் தாங்குவது அபூர்வம். அதை நம்பி நீ இறங்காதே.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ‘மூன்று சிலுவைகள்’ அச்சோவியத்தை, செப்புத்தகட்டில் கீறி அச்செடுக்கும் முறையில், 1653இல் செய்தார். சில ஆண்டுகள் கழித்து அதே செப்புத்தகட்டைச் சுரண்டி, உருவங்களை அழித்து, காட்சியையே இருளாக்கினார். முந்தைய நிலையில் எடுத்த பிரதிகள் இன்றும் இருப்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. கேன்வாஸில் அந்த வசதி கிடையாது. மேலே பூசினால் அடியில் இருப்பது போயிற்று. அதனால் பாணியை மாற்றத்தான் ஆசை என்றால், அதே அளவில் புதுக் கேன்வாஸ் எடுத்துப் பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரை.

முழங்கை போன்ற பிழைகளுக்கு மட்டும் பழைய படத்தில் கை வை. முதலில் நேர்வெளிச்சத்தில் ஒரு புகைப்படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று. இரண்டாவதில்தான் பெயின்ட் மேடுகள் தெரியும். வார்னிஷ் இருந்தால் அதன் மேல் வரையவே கூடாது. பின்னாளில் யாராவது வார்னிஷைக் கழற்றும்போது உன் திருத்தமும் சேர்ந்து வந்துவிடும். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு ஓர் ஓரத்தில் மெல்ல உருட்டிப் பார். பஞ்சு மஞ்சளாகிப் பிசுபிசுத்தால் அது வார்னிஷ். படத்தின் நிறமே பஞ்சில் ஏறினால் உடனே நிறுத்திவிடு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்.

அடுத்து மேடுகள். பழைய தீற்றலின் வரம்பு புதுப் பூச்சுக்கு மேலேயும் துருத்திக்கொண்டு தெரியும். எத்தனை பூச்சு பூசினாலும் மறையாது. பேலட் கத்தியால் சுரண்டிவிட்டு, 320ஆம் எண் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துத் தேய். உலர்வாகத் தேய்க்காதே, சில நிறங்களில் உள்ள காட்மியம் என்ற நச்சு உலோகத்தின் தூசி நுரையீரலுக்குள் போகும். தேய்த்தால்தான் வழுவழுப்பு போய்ப் புதுப் பெயின்ட் பிடிக்கும். கருமையான உருவத்தின் மேல் மெல்லிய வெளிர்நிறம் பூசி மறைத்துவிடலாம் என்று நினைக்காதே. ஆயில் பெயின்ட் வயதாக ஆக ஒளி ஊடுருவும்படி ஆகும். அடியில் உள்ள கை பல ஆண்டு கழித்து எட்டிப் பார்க்கும். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்குவெஸ் வரைந்த மன்னர் நான்காம் ஃபிலிப்பின் குதிரைக்கு இன்று கூடுதல் கால்கள் தெரிவது இதனால்தான்.

நிறம் பொருத்துவதற்கு முன், ஆளிவிதை எண்ணெயில் சம அளவு டர்பன்டைன் கலந்து, அந்த இடத்தில் மட்டும் மிக மெல்லிதாகத் தேய்த்து, துணியால் ஒற்றி எடு. மங்கிப்போன நிறம் அதன் உண்மையான அடர்த்தியில் தெரியும். எண்ணெய் தங்கினால் மஞ்சளடிக்கும். அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதே, தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடு. அடிப்பூச்சுக்கு ஜிங்க் ஒயிட் வேண்டாம், காய்ந்தபின் நொறுங்கும். டைட்டானியம் ஒயிட் எடு. ஒவ்வொரு பூச்சாக மேலே போகப் போக எண்ணெயின் அளவு கூட வேண்டும், குறையக் கூடாது. ஆயிலின் மேல் அக்ரிலிக் மட்டும் பூசிவிடாதே, உரிந்து வரும்.

வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறு. கண்காட்சி அதற்குள் வந்தால் வார்னிஷ் இல்லாமலே மாட்டு. சட்டத்தின் பின்னால் வரைந்த ஆண்டையும் திருத்திய ஆண்டையும் எழுதி வை. முழங்கையைச் சுரண்டும் முன் அந்தப் பக்கவாட்டுப் புகைப்படத்தை எனக்கு அனுப்பு. எதுவரை சுரண்டலாம் என்று குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா