என் சேலைகளுக்கும் ஒரு பேரேடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஆடித் தள்ளுபடியில் என்ன எடுக்கலாம் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு பெட்டிச் செய்தி: கறுப்பாக இருப்பவர்களுக்கு வெளிர் நிறம்தான் எடுப்பாக இருக்கும் என்று. அதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வந்த காய், உடைத்த காய், காய்ந்த கொப்பரை, லாரியில் ஏற்றிய மூட்டை என்று எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். என் வீட்டு பீரோவில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதிப் பார்த்ததில்லை. போன வருடம் சித்திரையில் துவைத்த துணியை உள்ளே வைக்கப் போனால் பீரோக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகள் அன்றைக்கு வீட்டில் இருந்தாள். “ஊர்க் கணக்கெல்லாம் எழுதறீங்க, இதையும் ஒருக்கா எழுதிப் பாருங்கம்மா” என்றாள்.

சரி என்று ஒரு 80 பக்க நோட்டை எடுத்தேன். ஒரு சேலைக்கு ஒரு வரி. எண், உடல் நிறம், கரை நிறம், யார் எடுத்தது, ரவிக்கை பத்துகிறதா, அவ்வளவுதான். வரிக் கடைசியில் இடம் விட்டு, கட்டுகிற அன்றைக்கு ஒரு கோடு போட்டுவிடுவேன். நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது கோடு, களத்தில் மூட்டை எண்ணுகிற மாதிரியே. நோட்டு பீரோவுக்குள்ளேயே இருந்தது, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். இல்லாவிட்டால் காலை அவசரத்தில் எழுத மறந்துவிடும்.

மொத்தம் 71 சேலை. பங்குனிக் கடைசியில் கோடுகளைக் கூட்டினேன். 18 சேலைகளைத்தான் மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறேன். 34 சேலைகளுக்கு வருடம் முழுக்க ஒரு கோடுகூட இல்லை. மீதி 19-உம் கல்யாணம், காதுகுத்து, நோம்பி என்று ஒன்றிரண்டு கோட்டோடு நின்றுவிட்டன.

அந்த 18-இல் 16 பருத்தி. களத்து வெயிலுக்கு அது எதிர்பார்த்ததுதான். நிறத்தைப் பார்த்தபோதுதான் நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அரக்கு, பாக்கு நிறம், கரும்பச்சை, கருநீலம் என்று 15 சேலை அடர் நிறம். கோடே இல்லாத 34-இல் பாதிக்கு மேல் வெளிர் ரோஸ், வெளிர் மஞ்சள், சந்தன நிறம். ‘யார் எடுத்தது’ என்ற இடத்தில் கடை ஆள் சொன்னது, அம்மா, நங்கையா, கொழுந்தனார் வீட்டுச் சீர் என்றே வரிசையாக இருக்கிறது.

நான் நல்ல கறுப்பு. என் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போன கடையில் நான் ஒரு கரும்பச்சைப் பட்டில் கை வைத்தேன். “பாப்பா நிறத்துக்கு அது எடுபடாதுங்க, லைட்டா பாருங்க” என்று கடைக்காரர் அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் தலையாட்டிவிட்டார். எனக்கும் அது சரி என்றே பட்டது. அன்றிலிருந்து 27 வருடம் நானே எடுத்தபோதும் பெரும்பாலும் வெளிர் நிறத்தைத்தான் எடுத்தேன்.

நோட்டில் 9-ஆம் வரி நெகமம் சேலை, எங்கள் பக்கத்து நெகமம் ஊரில் தறியில் நெய்தது. கரும்பச்சை உடல், கடுகு மஞ்சள் கரை. 2019-இல் வேறு வேலையாக நெகமம் போனவள், ஒரு நெசவாளர் வீட்டில் தறியிலிருந்து இறக்கி மடித்து வைத்திருந்ததைப் பார்த்து வாங்கினேன். கூட யாரும் இல்லை. அதனால் எனக்கு எது எடுபடும் என்று சொல்லவும் ஆள் இல்லை. அதற்கு மட்டும் 41 கோடு! நல்ல கனமான நூல். முதல் பத்துத் துவைப்பு வரை விறைப்பாக நின்றது, அப்புறம் உடம்போடு ஒட்டிப் பழகிவிட்டது. காலையில் வைத்த கொசுவம் சாயந்திரம் பஸ்ஸில் நின்று வரும்போதும் அப்படியே இருக்கும். நெகமம் சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தியை வெட்டி வைத்துக்கொண்டேன்.

ரவிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. கோடு இல்லாத சேலைகளில் ஆறு, சேலை பிடிக்காமல் கிடக்கவில்லை. ரவிக்கை இறுக்கம், அவ்வளவுதான். தையல்காரம்மா உள்தையலைப் பிரித்துவிட்டார், ஆறும் திரும்பக் கட்டுக்கு வந்துவிட்டன. எழுதியிருக்காவிட்டால் அவற்றுக்குப் பதிலாக இன்னும் ஆறு வாங்கியிருப்பேன்.

கட்டாத துணி கிடந்தால் கிடக்கட்டும் என்று விட எனக்கு மனசு வராது. என் அம்மா ஊர் நொய்யல் ஆற்றங்கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். திருப்பூர் சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கி அந்தப் பக்கத்துக் கிணறுகள் உப்பாகிப் போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது, பட்டறையில் வேலை போன சொந்தக்காரர்கள் ஒரு பக்கம், கிணறு போன சொந்தக்காரர்கள் ஒரு பக்கமாக ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சேலைக்குச் சாயம் ஏற்ற எவ்வளவு தண்ணீர் போகிறது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி வந்த 34 சேலை என் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடந்திருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த நிறப் பெட்டியை இனிமேல் போடாதீர்கள். பத்தாவது படிக்கும் ஒரு கறுத்த பிள்ளை அதைப் படித்துவிட்டு, கை வைத்த பச்சைத் துணியைக் கீழே வைத்துவிடும். அந்த இடத்தில் வாசகிகள் எழுதிய சேலைக் கணக்கைப் போடுங்கள். யார் எதை எத்தனை முறை கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்று ஊர் ஊராக வரட்டும். என் நோட்டின் முதல் நான்கு பக்கங்களை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

கோடு இல்லாதவற்றில் ரவிக்கை சரிசெய்த ஆறு போக, 28-ஐயும் களத்தில் வேலை செய்யும் பெண்களிடம் காட்டி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வெளிர் ரோஸ் பிடித்தவர்கள் அங்கே நாலு பேர் இருந்தார்கள். இப்போது பீரோவில் 43 சேலை. ஆகஸ்ட் 7 கைத்தறி தினம், ஆடியில்தான் வருகிறது. அன்றைக்கு நெகமம் போகிறேன். 72-ஆம் வரியில் ‘பாக்கு நிறம், அரக்குக் கரை’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். ‘யார் எடுத்தது’ என்ற இடத்தில் மட்டும் பேனாவாலேயே ‘நான்’ என்று எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
கொப்பரைக் களக் கணக்கர்,
பொள்ளாச்சி.