தறி நின்றால் தெருவுக்குத் தெரியும்: மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை நடத்தும் குழுத் தலைவர்களுக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் இருந்து எழுதுகிறேன். 2020 மார்ச்சில், ஊரடங்குக்குச் சில நாள் முன்பு, ஒரு பையும் லேப்டாப்புமாகப் பெங்களூரில் இருந்து ஊருக்கு வந்தவள் நான். அன்று முதல், அப்பாவின் தறி இருந்த அறைதான் என் ஆபீஸ்.

வீட்டிலிருந்து வேலை என்பதை ஏதோ புதிதாக வந்ததுபோல எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் தெருவுக்கு அது புதிதில்லை. அப்பா 40 வருடம் வீட்டிலேயே பட்டு வேட்டி நெய்தார். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். ஆனால் அவர் தனி ஆளாக இருந்ததில்லை. ஒரு வீட்டுத் தறிச் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஒருநாள் காய்ச்சல் வந்து முற்பகலிலேயே தறியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, எதிர்வீட்டு மாமா வாசலில் நின்று, "என்ன மாப்ள, சத்தத்தையே காணோம், உடம்பு சரியில்லையா?" என்றார். மதியம் அவர் வீட்டு அத்தை மிளகு ரசம் கொடுத்தனுப்பினார். தறியில் ஏற்றும் நீள நூலான பாவை நீட்ட, பாவடி என்ற பொது இடத்துக்குப் போக வேண்டும். அங்கே நாலு பேர் கை கொடுக்காமல் வேலை நடக்காது. கூலி குறைவுதான், கடனும் முதுகுவலியும் இருந்தன, அதையெல்லாம் நான் மறந்துவிட்டுப் பேசவில்லை. ஆனாலும் ஒருவர் சோர்ந்து படுத்தால் அது இன்னொருவருக்குத் தெரிந்தது.

இப்போது அதே அறையில் நான். கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் நின்றால், "என்னம்மா ஆச்சு?" என்று அப்பா உள்ளிருந்து குரல் கொடுப்பார். ஆபீசுக்கு என்னைப் பற்றித் தெரிவதெல்லாம், நான் ஆன்லைனில் இருக்கிறேன் என்று காட்ட பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளிதான்.

போன வருடம் ஐப்பசியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் 3 நாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மடியில் லேப்டாப், காலடியில் ஃபிளாஸ்க், போனில் இருந்து நெட். புள்ளி பச்சையாகவே இருந்தது. தினமும் காலை 10 மணிக்கு 15 நிமிடக் கூட்டம் நடக்கும். நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், தடை ஏதாவது உண்டா? என் முறை வந்ததும் மைக்கைத் திறந்து, 3 நாளும், "தடை எதுவும் இல்லை" என்றேன். உள்ளே அப்பாவுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

லீவு கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம்தான். ஆனால் குழுவுக்கு வந்த 6 மாதத்தில் வேலையைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசாத தலைவரிடம் எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பிக்கு ஊர் ஏற்காடு. மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஒருநாள் 20 கொண்டை ஊசி வளைவையும் மழையிலேயே பைக்கில் இறங்கி, அடிவாரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுத்தான். குழுவில் எல்லோரும் பார்க்க அவனுக்கு வந்த பதில்: "2 மணி நேரம் ஆஃப்லைன். விளக்கம் தேவை." எதிரில் நின்றிருந்தால், அந்த நனைந்த சட்டையைப் பார்த்துவிட்டு யாருக்கும் இப்படிக் கேட்க மனசு வந்திருக்காது. எழுத்தில் முகம் தெரியாது. தயவுசெய்து இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். "என்ன ஆச்சு, பத்திரமா இருக்கியா?" என்று முதலில் கேளுங்கள், விளக்கத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

அதேபோல, இரவு 9:40-க்கு வரும் வெறும் "ஹாய்". அதற்குப் பிறகு ஒன்றும் வராது. என்னவோ ஏதோ என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து கேட்டால், அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய ஒரு எக்செல் ஷீட் பற்றி இருக்கும். "நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று சேர்த்து அனுப்பியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

இது சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். வேலை நேரம் முடிந்தபின் தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும் நடைமுறைக்கு வந்தது. அவ்வளவு தூரம் போவானேன், நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் தமிழ்நாட்டிலேயே சட்டம் வந்தது. நாங்கள் உட்கார்ந்தே இருக்கிறோம். எங்களுக்கு எழுந்து போக ஒரு நேரம் வேண்டும்.

சட்டம் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. குழுவில் 8 பேர் என்றால், ஆளுக்கு 5 நிமிடம், வாரத்துக்கு 40 நிமிடம். வீடியோ வேண்டாம், போன் போதும். வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். சாப்பிட்டாயா, வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முதல் வாரம் "நல்லா இருக்கோம் சார்" என்றுதான் பதில் வரும். விடாமல் கூப்பிடுங்கள். என்றைக்காவது ஒருவர் பதில் சொல்லாமல் கொஞ்சம் தயங்குவார். அப்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவர் சொல்வதை உங்களால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று தோன்றினால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை அவரிடம் கொடுங்கள், அடுத்த நாள் மறுபடியும் நீங்களே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அம்மாபேட்டையில் இருந்து உங்கள் ஊழியர்களில் ஒருத்தி