தம்பிக்கு, மடிக்கணினி வந்து சேர்ந்தது

யீஷூன், சிங்கப்பூர்
நவம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மடிக்கணினி பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியில் ஒரு நசுங்கல்கூட இல்லை. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் படம் எடுத்த பிறகுதான் பாப்பாவைத் தொடவிட்டார். உள்ளே இருந்த அட்டை, பிளாஸ்டிக் உறை, எல்லாவற்றையும் வந்தபடியே அடுக்கி உன் அறை அலமாரிமேல் வைத்திருக்கிறேன். எதையும் தூக்கிப் போடவில்லை. எதற்கும் இருக்கட்டும்.

எப்படி இருக்கிறது என்று எழுதச் சொன்னாய். பாப்பாவைக் கேட்டால் "சூப்பர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். அதனால் நானே எழுதுகிறேன். இந்த மாதிரிப் பொருளைக் கையில் எடுத்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

முதலில் கனம். கணினி மட்டும் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ. சார்ஜர் ஒரு செங்கல்போல இருக்கிறது, 400 வாட் என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் பையில் போட்டால் தோள் இழுக்கிறது. நல்லவேளை, அவள் வகுப்புக்குப் போகும் இயோ சூ காங் இரண்டாவது ஸ்டேஷன்தான். கட்டுமானம் உறுதி. மூடியை ஒரு கையால் திறக்கலாம், கீல் ஆடவில்லை, கீபோர்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், அமுங்கவில்லை. விசைகளுக்குக் கீழே வண்ண வண்ண விளக்கு. பாப்பா முதல் நாளே அதை வெள்ளையாக மாற்றிவிட்டாள்.

திரையைத்தான் சொல்ல வேண்டும். 16 அங்குலம், ஓலெட். கறுப்பு வரும் இடத்தில் அந்தப் புள்ளிகள் அணைந்தே போய்விடுகின்றன. இரவில் நடக்கிற ஒரு விளையாட்டைப் போட்டுக் காட்டினாள். மழை பெய்து முடிந்த தெரு, தேங்கிய தண்ணீரில் கடை விளக்கு தெரிகிறது, நடந்தால் அது உடைந்து கூடுகிறது. வினாடிக்கு 240 தடவை படம் மாறுகிறதாம். எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை, ஆனால் எழுத்தை வேகமாக நகர்த்தினாலும் கலையாமல் படிக்க முடிகிறது, அது என் கண்ணுக்கே தெரிகிறது. ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் இந்த வகைத் திரையில் தடம் விழும் என்று நீ சொன்னதை அவளுக்கு மறுபடியும் சொல்லி, கீழே இருக்கும் பட்டையை மறைக்க வைத்தேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் அந்த எஸ்எஸ்டி. ஒரு டெராபைட். அடிமூடியைக் கழற்றாதே என்று சொல்லியும் அவள் படத்தில் காட்டினாள். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான். நான் 1987இல் ஹார்ட் டிஸ்க் ஃபேக்டரி லைனில் சேர்ந்தபோது எங்கள் கையில் ஓடியது ஐந்தேகால் அங்குல டிஸ்க், 20 மெகாபைட். அதில் ஐம்பதாயிரம் டிஸ்க்கை அடுக்கினால்தான் இந்தச் சின்னத் துண்டு. உட்கார்ந்து பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த டிஸ்க்கில் எழுதிப் படிக்கிற ஹெட், சுற்றும் தட்டைத் தொடாமல் மேலே மிதக்கும், இடைவெளி ஒரு மைக்ரானுக்கும் கீழே. சிகரெட் புகைத் துகள் ஒன்று இடையில் புகுந்தாலே டிஸ்க் போச்சு. அதனால்தான் கிளீன் ரூமுக்குள் பவுடர் கூடாது, மை கூடாது, பொட்டுகூடக் கூடாது. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நான் முதலில் கண்ணாடி முன்னால் போய்ப் பொட்டு வைப்பதை நீ பார்த்திருக்கிறாய். இதற்குள்ளே சுற்றுவதற்கு எதுவுமே இல்லை. தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது.

சூடுதான் என் கவலை. விளையாட்டு ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் பின்பக்கக் காற்றுத் துளையில் கை வைக்க முடியவில்லை. ஃபேன் சத்தம் சமையலறை வரை கேட்கிறது. கிராஃபிக்ஸ் சில்லு மட்டும் 175 வாட் வரை இழுக்கும் என்று பாப்பா சொல்கிறாள். என்விடியா ஆர்டிஎக்ஸ் 5080 என்ற அதே பெயரில் மேசைக் கணினிக்கு வரும் கார்டு 360 வாட்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் மடிக்கணினிக்குள் இருப்பது அதன் பாதிச் சோறு சாப்பிட்டு வேலை செய்கிறது, ஒன்றோடு ஒன்றை ஒப்பிடக் கூடாது என்று எனக்கு வகுப்பே எடுத்தாள். சரி. ஆனால் அத்தனை வாட்டும் கடைசியில் சூடாகத்தானே வெளியே வர வேண்டும்? உன் ஊரில் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கும். நம் வீட்டில் மத்தியானம் 31 டிகிரி, அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. அவள் கட்டிலில் மெத்தைமேல் வைத்துக்கொண்டு விளையாடுகிறாள், அடியில் காற்று போகும் துளையெல்லாம் போர்வையில் மூடிக்கொள்கிறது. நான் சொன்னால் கேட்கவில்லை, நீ சொல். மேசைமேல்தான் வைக்க வேண்டும், பின்னால் ஒரு சாண் இடம் விட வேண்டும் என்று சொல்.

மின்சாரத்துக்கு அப்பா கணக்குப் போட்டுவிட்டார். 400 வாட்டையும் முழுதாக இழுத்தாலும் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட், ஏறத்தாழ 30 காசு. அதைப் பற்றி நீ கவலைப்படாதே. பேட்டரியில் விளையாடினால் வேகம் பாதியாகிவிடுகிறது, சீக்கிரம் தீர்ந்தும் போகிறது. வகுப்பில் குறிப்பு எடுக்கப் போதும்.

இவ்வளவும் நல்ல சாமான்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. விளையாட்டு உருவாக்கும் படிப்புக்கு இது வேண்டும் என்று அவளுடைய வகுப்பிலும் சொல்கிறார்களாம். ஆனால் இவ்வளவு விலையில் வேண்டுமா, தம்பி? ரேம் விலை ஏறிக்கொண்டே போகிறது, ஏஐ கம்பெனிகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கின்றன, இப்போது வாங்காவிட்டால் அடுத்த வருஷம் இன்னும் கூடும் என்று அவளிடம் சொன்னாயாம். அது உண்மையாகத்தான் இருக்கும். இருந்தாலும் அடுத்த வருஷம் வரை அவள் பழையதிலேயே ஓட்டியிருப்பாள், நாங்களும் பாதி போட்டிருப்போம். பில்லை அனுப்பு. வாரண்டிக்குத் தேவைப்படும். விலையையும் நான் தெரிந்துகொள்கிறேன்.

அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நம் புளோக்கில் மறுபடியும் சாயம் அடிக்கிறார்கள். பெரியத்தை வீட்டு நிச்சயதார்த்தம் தை மாதத்துக்குத் தள்ளிப்போய்விட்டது, அதைப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

பேப்பரில் விளையாட்டு உருவாக்கும் உங்கள் தொழிலைப் பற்றி வந்தால் நான் விடாமல் படிக்கிறேன். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது, அடுத்த மாதமே சோனி 900 பேர். அப்புறமும் நின்றபாடில்லை. பெரிய கம்பெனிகளில்தான் இப்படி, அவன் இருப்பது சின்ன இடம் என்கிறார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். தீபாவளியன்று தேக்காவில் உன் பெரியம்மாவைப் பார்த்தபோதுகூட, விளையாட்டு முடிந்து பெயர்கள் ஓடும்போது அதில் என் மகன் பெயர் வரும் என்று சொன்னேன். பாப்பா அதை நிறுத்திப் படம் பிடித்து என் போனில் போட்டிருக்கிறாள், அதையும் காட்டினேன். ஆனால் அதே தீபாவளியன்று நீ எங்களிடம் பேசியது இரண்டு நிமிடம். பலகாரம் வந்ததா என்று கேட்டதற்கு வந்தது என்றாய், வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும் வழக்கமும் நின்றுபோயிற்று. கோபமாக எழுதவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை பாப்பாவுக்கு எல்லாவற்றையும் செட் பண்ணிக் கொடுத்தாயே, எட்டு மணி வரை பொறுமையாக அவளோடு இருந்தாயே, அதற்கு அவள் நன்றி சொல்லியிருக்க மாட்டாள், நான் சொல்கிறேன். எனக்கு அப்போது தேத்தண்ணி போடுகிற வேலை. இடையிடையே வந்து பார்த்தேன். நம் காலை ஆறு மணி என்றால் உனக்குத் திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணி. உனக்குப் பின்னால் உன் வீட்டு ஜன்னல், வெளியே மழை. அண்ணன் வீட்டிலிருந்தே வேலை செய்கிறான் என்று பாப்பா சொன்னாள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவரும் உன்னைக் கூப்பிடவில்லை, நீயும் நேரம் பார்க்கவில்லை. முகம் ஒடுங்கியிருந்தது. நேரத்துக்குச் சாப்பிடு. கையில் எப்போதும் ஆறு மாதச் செலவுக்காவது வைத்துக்கொள். யாருக்கும் இப்போது எதுவும் வாங்கி அனுப்பாதே.

2009இல் எங்கள் லைனை மூடியது உனக்கு நினைவிருக்கும், உயர்நிலை இரண்டில் இருந்தாய். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். காலையில் கேண்டீனில் எங்களை நிறுத்தி வைத்து அறிவித்தார்கள். என் பக்கத்து நாற்காலி மலாய்த் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷிஃப்ட் முடிந்து வந்து லிஃப்டில் ஏறினேன். நம் மாடி வந்தது, கதவு திறந்தது, எனக்கு இறங்க வரவில்லை. மேலே போனேன், கீழே வந்தேன், மறுபடியும் மேலே போனேன். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி காய்கறிப் பையோடு ஏறி, எட்டாம் மாடிப் பொத்தானை எனக்காக அழுத்தினார், அதனால்தான் இறங்கினேன். சோறு போடும்போது எல்லார் முன்னாலும் சொன்னேன். உன் பாட்டி ஒன்றும் பேசாமல் என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். அப்பா, மூன்று மாதம் ஓட்டலாம் என்றார். சொல்லி முடித்த பிறகு தொண்டையில் சோறு இறங்கியது. அதற்கு முன்னால் இறங்கவில்லை.

நீ என்ன செய்தாய் என்று தெரியுமா? அந்த வருஷக் கடைசியில் உனக்குக் கணினி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தோம். நீ அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது ஷூவைக் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "கம்ப்யூட்டர் இப்ப வேணாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். சித்தப்பா, பழைய சாமான் எடுக்க வரும் காராங்குனிக்காரரிடமிருந்து வாங்கி வந்த அந்தப் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் அதன் ஃபேனைத் துடைத்துத் துடைத்து, அதிலேயே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாய். அந்தப் பிள்ளைதான் இன்று தங்கைக்கு இவ்வளவு பெரியதை வாங்கி அனுப்பியிருக்கிறான். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். தனக்கு இல்லாதபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவன் நீ. அதுதான் எனக்கு இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இங்கேயும் உன் வேலைக்கு இடம் இல்லாமல் இல்லை. ஃபியூஷனோபோலிஸில் யூபிசாஃப்ட் 2008இலிருந்து இருக்கிறது. ஒன்-நார்த்திலேயே ரேசரும் பெரிய கட்டடம் கட்டியிருக்கிறார்கள். வா என்று சொல்லவில்லை. நீ ஆசைப்பட்டுப் போன ஊர், உன் இஷ்டம். இருக்கிறது என்று சொல்கிறேன். உன் அறையை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை, விடவும் மாட்டோம். விமானச் சீட்டுக்கு வேண்டிய பணம் என் கணக்கில் தனியாக இருக்கிறது, அதற்கு அப்பாவைக்கூடக் கேட்க வேண்டியதில்லை.

பில்லை மறக்காமல் அனுப்பு. கட்டிலில் வைத்து விளையாடக் கூடாது என்று பாப்பாவிடம் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சௌகரியப்படாவிட்டால் விட்டுவிடு. வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கூப்பிடுகிறேன். பாப்பா தூங்கிக்கொண்டிருப்பாள், அப்பா நடைக்குப் போயிருப்பார், நான் மட்டும்தான் இருப்பேன். அந்த நேரம் உனக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். எடு, ஐயா.

அன்புடன்,
அம்மா