குழல் நீளத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில், ரைபிள் தோட்டா போடுகிறவை உட்பட, வேட்டை ரிவோல்வர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் படித்தேன். படங்கள் பிரமாதம். அட்டவணைதான் இடிக்கிறது. தோட்டாக்களை உயர வரிசையில் நிற்க வைத்துப் படம் பிடித்து, உயரமான .45-70 என்ற ரைபிள் தோட்டாவை 'ராஜா' ஆக்கி, ரிவோல்வருக்கென்றே செய்த .460, .500 இரண்டையும் அதற்குக் கீழே தள்ளிவிட்டார் கட்டுரையாளர். கோது, அதாவது மருந்தை அடக்கிய பித்தளை உறை, நீளமென்றால் பலமும் கூட என்று எடுத்துக்கொண்டார் போலும். அப்புறம், ரைபிள் தோட்டாக்களுக்கு அவர் கொடுத்த வேகங்கள் பெட்டியில் அச்சடித்திருப்பவை. அவை 24 அங்குலக் குழலில் அளக்கப்பட்டவை. அந்த விபரம் கட்டுரையில் எங்கேயும் இல்லை.

எனக்குத் துவக்கு லைசன்ஸ் கிடையாது. லேத்தில் நின்றே வயது போனவன். அதனால் இரும்பு, அழுத்தம், இடைவெளி என்று வந்தால் சும்மா இருக்க முடிவதில்லை.

.45-70 என்பது 1873-இல் அமெரிக்க இராணுவம் எடுத்த தோட்டா. 45 என்பது பறந்துபோகும் குண்டான சன்னத்தின் விட்டம், அதாவது அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு. 70 என்பது 70 கிரெய்ன் (நாலரைக் கிராம்) கறுப்பு மருந்து, பழைய காலத்து வெடிமருந்து. கறுப்பு மருந்துக்கு இடம் நிறைய வேண்டும். அதனால்தான் கோது 53 மில்லிமீற்றர் நீளம். அந்தக் காலத்து வலுக்குறைந்த ஸ்பிரிங்ஃபீல்ட் இராணுவத் துவக்குகள் இன்னும் ஆட்களின் கையில் இருப்பதால், இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழிற்சாலைகள் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 28,000 இறாத்தல் மட்டுமே. .500 ஸ்மித் அன்ட் வெஸன் மெக்னத்தின் கோது 41 மில்லிமீற்றர்தான், ஆனால் அதற்கு 60,000. .460-க்கு 65,000. கோது குட்டை, உள்ளே அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல். பழைய அளவில் நிரப்பிய .45-70, 405 கிரெய்ன் சன்னத்தை நீண்ட ரைபிளிலேயே வினாடிக்கு 1,330 அடி வேகத்தில்தான் அனுப்புகிறது. 2003-இல் .500 வந்தபோது அதைவிடப் பாரமான 440 கிரெய்ன் சன்னத்தை, எட்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கைக்குழலிலிருந்து ஏறக்குறைய 1,600 அடியில் தள்ளியது. இதில் யார் ராஜா? புதுத் துவக்குகளுக்கென்று சூடாக நிரப்பிய .45-70 தோட்டாக்களும் விற்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அட்டவணையில் இருந்தது அதுவல்ல.

குழலுக்கு வருவோம். நம்முடைய திருகோணமலை ஒஸ்டன்பேர்க் மேட்டில், கடற்படை அருங்காட்சியகப் பக்கம் போனவர்கள் வெள்ளைக்காரன் விட்டுப்போன கரையோரப் பீரங்கியைப் பார்த்திருப்பார்கள். குண்டைவிடக் குழல் எத்தனை மடங்கு நீளம்! மருந்து எரிந்து முடியும்வரை வாயு பின்னாலிருந்து தள்ள வேண்டும், அதற்குத்தான் அந்த நீளம். ரைபிளுக்கென்று மெதுவாக எரியும் மருந்தைப் பத்து அங்குலக் குழலில் போட்டால் மிச்சம் வாய்க்கு வெளியே நெருப்பாகவும் சத்தமாகவும் போகும். .30-30 இதில்தான் அடிபடுகிறது. 1895-இல் வந்த நல்ல மான் தோட்டா, ரைபிளில் 170 கிரெய்ன் சன்னம் 2,200 அடி. கைக்குழலில் அந்த வேகம் சில நூறு அடி இறங்கிவிடும். அந்த வேகத்தை நம்பி விரிவதற்கென்று செய்த மென்முனைச் சன்னம் அப்போது சரியாக விரியாது.

நியாயமாகச் சொல்வதென்றால் ரிவோல்வருக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. ரைபிளின் குழல் நீளத்தில் தோட்டா கிடக்கும் அறையும் சேரும். ரிவோல்வரில் சிலிண்டருக்கு, அதாவது தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளைக்கு, முன்னால் உள்ளதை மட்டும்தான் அளப்பார்கள். ஆகவே பத்து அங்குலம் என்பது உண்மையில் பன்னிரண்டுக்குக் கிட்ட வரும். ஆனால் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி, சுமார் 0.15 மில்லிமீற்றர், அதில் ஒரு பங்கைத் திருப்பி வாங்கிவிடும். அந்த இடைவெளியால் பக்கவாட்டில் சீறும் வாயு, சிலிண்டருக்கு மேலே போகும் சட்டத்தின் இரும்பிலேயே கோடு கிழிக்கும். .460 போன்றவற்றில் விரலை அங்கே வைத்தவன் விரலை மறக்க வேண்டியதுதான்.

கழுத்து ஒடுங்கிய கோதுகளைப் பற்றியும் ஒரு வரி இருந்திருக்கலாம். 1961-இல் ஸ்மித் அன்ட் வெஸன் .22 ஜெட் என்ற தோட்டாவுக்கு மொடல் 53 ரிவோல்வரைச் செய்தது. சரிவான கோது வெடித்ததும் பின்னால் நழுவி, சிலிண்டருக்குப் பின்னால் உள்ள தகட்டில் இறுகி, சிலிண்டரைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டது. அறையில் கொஞ்சம் எண்ணெய் இருந்தால் போதும், இன்னும் மோசம். நேரான கோது அறைச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சரிவானது ஆப்பு மாதிரி வழுக்கும். .44, .454, .460, .500 எல்லாம் நேர்க்கோதாக இருப்பது தற்செயலாக நடந்ததில்லை.

உதைப்பைக் கட்டுரை 'சற்று அதிகம்' என்று முடித்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 440 கிரெய்ன் என்றால் 28.5 கிராம். வேகம் வினாடிக்கு 488 மீற்றர். ரிவோல்வரின் எடை ஏறத்தாழ இரண்டு கிலோ. சன்னத்தை மட்டும் எடுத்தாலே துவக்கு மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் உள்ளங்கைக்கு வரும், வாயுவின் தள்ளல் தனி. இதே உதைப்பு சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் சன்னங்களையும் முன்னால் இழுக்கும். கோதின் வாயை நன்றாக இறுக்காவிட்டால் சன்னம் நீட்டிக்கொண்டு சிலிண்டரையே பூட்டிவிடும். ஒஸ்திரியாவில் .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற யானை வேட்டை ரைபிள் தோட்டாவுக்கே ரிவோல்வர் செய்தார்கள், எடை ஆறு கிலோ. அதை வேட்டைக்கருவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கட்டுரை வந்த கிழமை இங்கே சந்தியில் ஒரு தம்பி, "கந்தளாய்ப் பக்கம் வயலுக்கு வருகிற யானைக்கு இது ஒன்று காணும் அண்ணை" என்றார். காணாது தம்பி. யானையைச் சுட சட்டத்தில் இடமில்லை, நம் கமக்காரர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வருடா வருடம் புதுப்பிக்கும் லைசன்ஸில் ஒரு சொட்கன், அது ஒரு பக்கம். 1840-களில் இலங்கைக்கு வந்து காடு காடாக வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டலில் கிப்ஸ் செய்துகொடுத்த ரைபிளை வைத்திருந்தார். சன்னம் மூன்று அவுன்ஸ், துவக்கு 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. உதைப்பை எடையால் வாங்குவது அவருக்குத் தெரிந்திருந்தது. கையில் பிடிக்கும் எதையும் அந்த வேலைக்கு எடுக்கப் போகிறவனைக் கட்டுரை உற்சாகப்படுத்தக் கூடாது.

என் கணக்கில் மானுக்கு .44 மெக்னம் தாராளம். கரடி நாட்டில் திரிகிறவனுக்கு .454 அல்லது .500. ரைபிள் தோட்டாதான் வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் ரைபிளையே வாங்கலாம்.

திருத்தம் போடுவதாக இருந்தால் அட்டவணையில் மூன்று நிரலைச் சேருங்கள்: வேகம் அளந்த குழலின் நீளம், உச்ச அழுத்தம், துவக்கின் எடை. படத்தை மாற்ற வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
உவர்மலை, திருகோணமலை.