சுடாமல் விட்டவர்களுக்கு

இந்த மடலை எப்பவோ எழுதியிருக்க வேண்டும். வருசா வருசம் ஒக்டோபர் 3, இரண்டு ஜேர்மனியும் ஒன்றான நாள், வந்தால் மேடைகளில் கோல், கொர்பச்சோவ், கென்ஷர் என்று தலைவர்களுக்கு நன்றி சொல்கிறார்கள். சொல்லட்டும், அவர்களுக்கும் பங்கு உண்டுதான். நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

முதலில் அரசை எதிர்த்து நடந்த கிழக்கு ஜேர்மனியின் லைப்சிக் நகரத்துச் சனம். 1989 ஒக்டோபர் 9, திங்கட்கிழமை. நிக்கொலாய் தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்து நீங்கள் வெளியே வந்தபோது ஆயுதத்தோடு ஆட்கள் காத்து நின்றார்கள், ஆஸ்பத்திரிகளில் இரத்தம் சேர்த்து வைத்திருப்பதாகக் கதை, பெய்ஜிங்கில் டாங்கி ஓடியும் நாலு மாசம்தான் ஆகியிருந்தது. அப்படியும் எழுபதாயிரம் பேர் நடந்தீர்கள். மெழுகுதிரி கொண்டுபோக இரண்டு கையும் வேண்டும், ஒன்று பிடிக்க, மற்றது காற்றுக்கு மறைக்க, அப்புறம் கல்லெடுக்கக் கை ஏது என்பார் பாதிரியார் கிறிஸ்டியான் ஃபியூரர். அன்று ஒரு வெடிகூடக் கேட்கவில்லை. தேவாலயக் கோபுரமொன்றில் புறா எச்சத்துக்குள் படுத்துக் கிடந்து அந்த ஊர்வலத்தைப் படம் பிடித்த ராடொம்ஸ்கிக்கும் ஷெஃப்கேக்கும் தனி நன்றி. அடுத்த நாள் மேற்குத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத்தான் கிழக்கிலிருந்தவர்களே நம்பினார்கள்.

அடுத்தது ஹரால்ட் யேகர். இவருக்கு நன்றி சொல்வது சிலருக்குப் பிடிக்காது, ஏனென்றால் ஆள் ஸ்டாசி, அதாவது கிழக்கு ஜேர்மனியின் இரகசியப் பொலிஸ், அதிகாரி. நவம்பர் 9 இரவு, எல்லை திறப்பது எப்போதிருந்து என்று கேட்டதற்கு கிழக்கு ஜேர்மன் கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி கடதாசியைப் பார்த்துத் தடுமாறி "உடனடியாக" என்று சொல்லிவிட்டுப் போக, பேர்லின் சுவரின் போர்ன்ஹோல்மர் வீதி வாசலில் சனம் முட்டி மோதியது. மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்தும் ஒழுங்கான பதிலில்லை. அதிகம் சத்தம் போட்டவர்களை முதலில் விட்டார்கள், அடையாளப் புத்தகத்தில் முகப் படத்துக்கு மேலேயே முத்திரை குத்தி. அப்படிக் குத்தினால் இனித் திரும்பி வர முடியாது என்று அர்த்தம், அது போனவர்களுக்கே தெரியாது. கடைசியில் பதினொன்றரை போல யேகர் தானாக வாசலைத் திறந்துவிட்டார். பயம்தான் திறக்க வைத்தது என்றாலும் பரவாயில்லை, அதே பயத்தில் சுட்டவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

இதில் எனக்கென்ன என்று கேட்பீர்கள். நான் 1985-இல் கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்டில் வந்திறங்கி, பிரீட்ரிக் வீதியில் ரயில் மாறி மேற்குக்கு வந்தவன். எங்கள் ஆட்கள் கனபேர் வந்த வழி அது. இரண்டு பேர்லினுக்கும் நடுவிலிருந்த அந்தப் பிரிவை எல்லையாகவே மேற்கு ஒத்துக்கொள்ளாததால் இந்தப் பக்கம் விசா கேட்க ஆளில்லை. சொந்தச் சனம் தாண்டினால் சுடுகிற சுவரை நான் ஒரு பெட்டியோடு ரயிலில் இருந்தபடி கடந்தேன். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

கடைசியாக, பெயர் தெரியாத ஒரு அம்மாவுக்கு. அன்று நடுச்சாமம் போர்ன்ஹோல்மர் பாலத்துக்கு நானும் ஓடினேன். டிரபாண்ட் கார்களின் புகை கண்ணைக் கரித்தது, ஆட்கள் கார்க் கூரையில் தட்டித் தட்டி வரவேற்றார்கள். வீட்டுச் சட்டைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்த நீங்கள் அத்தனை வெள்ளைக்காரரை விட்டுவிட்டு என்னிடம் மேற்கு பேர்லினின் பெரிய கடைவீதியான கூடாமைத் தேடி, "கூடாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். நாலு வருசத்தில் இந்த நகரத்துக்காரனாக நினைத்து என்னிடம் வழி கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அந்தப் புளுகத்தில் கையை நீட்டிவிட்டேன். மன்னிக்க வேண்டும் அம்மா, நான் காட்டியது பிழையான பக்கம்.