மூன்று ஆப்பிரிக்கக் கோப்பைகளும் நம் மலை அணிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எகிப்து கால்பந்து என்றாலே நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் முகமது சலாவின் படம்தான் வருகிறது. அவர் பெரிய ஆட்டக்காரர், சந்தேகமில்லை. ஆனால் 2006, 2008, 2010 என எகிப்து அடுத்தடுத்து மூன்று முறை ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது அவர் தேசிய அணிக்கு வருவதற்கு முன்பு. தொடர்ச்சியாக மூன்று முறை வென்ற நாடு வேறு எதுவும் இல்லை. மூன்று முறையும் பயிற்சியாளர் ஒரே ஆள்: ஹசன் ஷெஹாட்டா.

நீலகிரியில் பள்ளி அணிகளுக்கும் ஊர் அணிகளுக்கும் பயிற்சி தருகிற நாங்கள் அவரைப் பற்றி இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இங்கே டோர்னமென்ட் நோட்டீஸ் ஒட்டியதும், கோவையிலிருந்தும் மலப்புறத்திலிருந்தும் காசு கொடுத்து கெஸ்ட் ஆட்டக்காரர்களைக் கூட்டி வருகிறார்கள். ஆண்டு முழுவதும் மழையிலும் பனியிலும் பயிற்சிக்கு வந்த பையன்கள் அன்றைக்கு பெஞ்சில் உட்காருகிறார்கள். ஷெஹாட்டா போனது இதற்கு நேர் எதிரான வழி.

கெய்ரோவின் ஜமாலெக் கிளப்பின் நடுகளத்திலும் முன்களத்திலும் ஆடியவர் அவர். 1967 போருக்குப் பின் எகிப்தில் லீக் நின்றுபோனபோது குவைத்தின் கஸ்மா அணிக்கு ஆடிவிட்டு ஊர் திரும்பினார். பயிற்சியாளரானதும் முதலிலேயே பெரிய அணி கிடைத்துவிடவில்லை. 2003இல் 20 வயதுக்குட்பட்ட எகிப்து அணிக்கு ஆப்பிரிக்கப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2004இல், இரண்டாம் டிவிஷனில் கிடந்த அரபு கான்ட்ராக்டர்ஸ் அணியை வைத்துக்கொண்டு எகிப்துக் கோப்பை இறுதியில் நாட்டின் பெரிய கிளப்பான அல் அஹ்லியை வீழ்த்தினார். அடுத்து சூப்பர் கோப்பையில் தன் பழைய கிளப்பான ஜமாலெக்கையே தோற்கடித்தார். அதன் பிறகுதான், இத்தாலியரான மார்கோ டார்டெல்லி நீக்கப்பட்ட இடத்தில், தேசிய அணி அவர் கைக்கு வந்தது.

எமத் மோதெப், அகமது ஃபத்தி, ஹோஸ்னி அப்த் ரப்போ ஆகியோர் அந்த 20 வயதுக்குட்பட்ட அணியின் தலைமுறை. பையன்களாக இருந்தபோதே அவர்கள் எங்கே தடுமாறுவார்கள், எந்தக் காலில் பந்தை வாங்குவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 2008 அணியில் பெரும்பாலோர் அல் அஹ்லி, ஜமாலெக், இஸ்மாய்லி என்று உள்நாட்டு கிளப்களில் ஆடியவர்கள். ஐரோப்பாவின் பெரிய கிளப்களில் ஆடிய ட்ரோக்பாவும் டூரே சகோதரர்களும் இருந்த ஐவரி கோஸ்ட்டை அரையிறுதியில் 4-1 என்று வென்ற அணி அது. ஒருவர் ஓடத் தொடங்கும் முன்பே இன்னொருவர் பந்தைத் தட்டிவிடும் பழக்கம் ஒரே லீக்கில் வருடக்கணக்காக ஆடினால்தான் வரும். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி சனிக்கிழமை களமிறங்கும் கெஸ்ட்டிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

பின்களத்தில் மூவர், நடுகளத்தில் ஐவர், முன்களத்தில் இருவர் என்று நிறுத்தும் அவருடைய 3-5-2 அமைப்பை இங்கே பல அணிகள் முயன்று பார்த்து, இரண்டு ஆட்டங்களில் கைவிட்டுவிட்டன. அமைப்பில் குறை இல்லை, அதை விளங்கிக்கொண்டதில்தான் குறை. பின்களத்தில் மூவர். இருவர் எதிரணி ஸ்ட்ரைக்கர்களை ஒட்டி நிற்க வேண்டும். வாயில் கோமா செய்தது அந்த வேலை. நடுவில் இருப்பவர் நாலைந்து அடி பின்தங்கி நின்று, தப்பி வரும் பந்தைத் துடைத்தெடுக்க வேண்டும். அது ஹானி சயீத்தின் வேலை. நம் பையன்கள் மூவரும் ஒரே கோட்டில் நின்றுவிடுகிறார்கள். ஒரு நீளப் பாஸ் போதும், மூவரும் சேர்ந்து காலி. இதைச் சரிசெய்ய, மூவர் இடுப்பிலும் 12 மீட்டர் இடைவெளிக்கு நைலான் கயிறு கட்டி, பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சேர்ந்து நகரச் சொல்லுங்கள். வேகமாக ஓடவிடக் கூடாது, நடையும் மெல்லோட்டமும் போதும். கயிறு தொய்ந்தால் நெருங்கிவிட்டார்கள், இழுத்தால் விலகிவிட்டார்கள். ஒரு பயிற்சிக்கு கால் மணி நேரம் செய்தால், கயிற்றை அவிழ்த்த பிறகும் அந்த இடைவெளி காலில் நிற்கும்.

அடுத்த தவறு விங் பேக்கில், அதாவது ஓரத்தில் ஏறித் தாக்கவும் இறங்கித் தடுக்கவும் வேண்டிய இடத்தில். வேகமாக ஓடுபவனை அங்கே போடுகிறார்கள். அங்கே வேண்டியவன் ஓடிவிட்டுத் திரும்பி, மறுபடியும் ஓடக்கூடியவன். 60 மீட்டரைப் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 விநாடி ஓய்வு கொடுத்து ஓடச் சொல்லுங்கள். பத்தாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெதுவாக இருந்தால், அந்தப் பையனை வேறு இடத்தில் ஆட வைப்பது நல்லது. வலப்பக்கம் ஃபத்தியும் இடப்பக்கம் சயீத் மொவாத்தும் எகிப்துக்கு அந்த வேலையைச் செய்தார்கள். பயிற்சியில் இன்னொரு விதியும் கட்டாயம் வேண்டும்: ஒரு விங் பேக் ஏறினால் மற்றவர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. இருவரும் சேர்ந்து ஏறிவிட்டால் கார்னர் கொடிப் பக்கம் யாரும் இல்லாமல் திறந்து கிடக்கும். எதிரணிக்கு அதைவிட என்ன வேண்டும்?

நம் மலை மைதானங்களில் பல, சரிவை வெட்டிச் சமப்படுத்தியவை. ஒரு பக்கம் தடுப்புச் சுவர், மறுபக்கம் தேயிலைத் தோட்டம். அகலம் 50 மீட்டர் இருந்தாலே அதிர்ஷ்டம். அந்த அகலத்துக்கு மூன்று பின்களத்தார் தாராளமாகப் போதும் என்பதால் 3-5-2 இங்கே பொருந்தும். அதே அணி 65 மீட்டர் அகலமுள்ள மைதானத்துக்குப் போனால் இரு ஓரங்களும் திறந்துவிடும். அன்றைக்கு விங் பேக்குகளைப் பத்தடி தாழ்த்தி நிறுத்த வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் ஒத்துவராது, அது தனி.

2008 அக்ரா இறுதியாட்டத்தில் விழுந்த ஒரே கோலைப் பையன்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்ட வேண்டும். 77ஆவது நிமிடம். கேமரூனின் ரிகோபர்ட் சாங் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு தாமதிக்கிறார். மாற்று ஆட்டக்காரராக வந்த எகிப்தின் முகமது ஜிதான் பாய்ந்து மோதுகிறார். சாங் கீழே விழுந்தும் பந்தை விட மறுக்கிறார், ஜிதானும் விடவில்லை. பந்தைப் பிடுங்கியதும் தானே அடிக்காமல் சக ஆட்டக்காரர் அபூத்ரிகாவுக்குத் தட்டிவிடுகிறார். அவர் வலைக்குள் தள்ளினார். அபூத்ரிகா அந்த இடத்தில் இருப்பார் என்று ஜிதானுக்குத் தெரிந்திருந்தது.

மாற்று ஆட்டக்காரர்களை ஷெஹாட்டா கையாண்ட விதம் தனியாகப் படிக்க வேண்டியது. 2006 அரையிறுதியில் செனகலுக்கு எதிராக, இங்கிலாந்தின் டோட்டன்ஹாம் கிளப்பில் ஆடிய மிடோவை வெளியே எடுத்தார். மிடோ கோட்டோரத்தில் நின்று அவரோடு சண்டை போட்டார். உள்ளே போன அம்ர் ஜாக்கி சற்று நேரத்தில் தலையால் முட்டி வெற்றி கோலைப் போட்டார். மிடோவுக்கு ஆறு மாதத் தடை, இறுதியாட்டமும் போயிற்று. பெரிய பெயருக்கு அவர் பயப்படவில்லை. 2010இல் அபூத்ரிகா, பரக்காத், ஜாக்கி மூவருமே காயத்தால் வர முடியாதபோது, தேசிய அணிக்குப் புதியவரான கெடோவை ஒவ்வொரு ஆட்டத்திலும் பிற்பாதியில் இறக்கினார். ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடாமல், ஐந்து கோல்களுடன் அந்தப் போட்டியில் அதிக கோல் போட்டவர் கெடோதான். கானாவுக்கு எதிரான இறுதியில் 85ஆவது நிமிட கோலும் அவருடையது. இங்கே குளிரில் ஒரு மணி நேரம் பெஞ்சில் சுருண்டிருந்தவனை அப்படியே உள்ளே அனுப்புகிறார்கள். தொடைத் தசை பிய்ந்து ஐந்தாவது நிமிடத்தில் நொண்டிக்கொண்டு திரும்புகிறான். குறைந்தது கால் மணி நேரமாவது அவனை ஓடவிட்டு உடம்பைச் சூடாக்க வேண்டும். எந்தப் பின்களத்தான் களைத்திருக்கிறான் என்பதையும் அப்போதே காட்டிச் சொல்ல வேண்டும்.

கெஸ்ட் ஆட்டக்காரர்களுக்கு எதிராக இன்னொரு காரணம், நம் உயரம். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கோவையிலிருந்து மாலையில் ஏறி மறுநாள் காலை ஆடுபவருக்கு அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கும். அடர்த்தி குறைந்த காற்றில் பந்து நீளமாகப் போகும், வளைவது குறையும். சமவெளி கோல் கீப்பர் முன்னால் வந்து பிடிக்கப் பார்க்கும் பந்து தலைக்கு மேலே போய்விடும். பல நாள் முன்பே வந்து பழகினால் ஓரளவு சரியாகும், ஆனால் அத்தனை நாள் தங்கவைத்து யார் சோறு போடுவது?

ஷெஹாட்டாவின் தோல்விகளையும் மறைக்க வேண்டியதில்லை. 2009 கான்ஃபெடரேஷன் கோப்பையில், குன்னூரைவிடச் சற்றே தாழ்ந்த உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில், ஹோமோஸ் தலையால் முட்டிய கோலில் அப்போதைய உலக சாம்பியன் இத்தாலியை எகிப்து 1-0 என்று வென்றது. மூன்று நாள் கழித்து அமெரிக்காவிடம் 0-3. ஏழு நாளில் மூன்றாவது ஆட்டம், கால்கள் ஓய்ந்துவிட்டன. அதே நேரத்தில் இத்தாலி பிரேசிலிடம் 0-3 என்று தோற்றதால், எகிப்து 0-2 என்று தோற்றிருந்தாலே இத்தாலியைவிட அதிக கோல் போட்ட கணக்கில் அரையிறுதிக்குப் போயிருக்கும். 71ஆவது நிமிடத்தில் வாங்கிய மூன்றாவது கோல் வெளியே தள்ளியது. லீக் சுற்றில் ஆடும் அணிகள் பக்கத்து ஆட்டத்தின் ஸ்கோரைப் பார்த்துச் சொல்ல பெஞ்சில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

2010 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அல்ஜீரியாவும் எகிப்தும் புள்ளியிலும் கோல் கணக்கிலும் சமமாக நின்றன. சூடானின் ஓம்துர்மானில் நடந்த தனி ஆட்டத்தில் எகிப்து 0-1 என்று தோற்றது. எல்லோரும் அந்த ஆட்டத்தையே பேசுகிறார்கள். உண்மையில் கெய்ரோவில், சொந்த ரசிகர்கள் முன்னால், ஜாம்பியாவுடன் 1-1 என்று டிரா செய்த முதல் ஆட்டத்திலேயே அந்த வாய்ப்பு நழுவியது. அங்கே வென்றிருந்தால் ஓம்துர்மானுக்கே போக வேண்டியிருக்காது.

நீலகிரியில் டோர்னமென்ட் நடத்துபவர்களிடம் எங்கள் கோரிக்கை: ஆட்டக்காரர் பட்டியலை முதல் ஆட்டத்துக்கு நான்கு வாரம் முன்பே வாங்கி முடித்துவிடுங்கள், பிறகு ஒரு பெயரும் சேர்க்காதீர்கள். வெளியூர் ஆட்டக்காரர் அணிக்கு இருவருக்கு மேல் வேண்டாம். தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறோம்: இந்த ஆட்டங்களின் முடிவை வெளியிடும்போது, ஸ்கோரோடு ஆடியவர்களின் பெயரும் ஊரும், யார் எந்த நிமிடத்தில் மாறினார்கள் என்பதும் சேர்ந்து வரட்டும். விவரங்களை எழுதி அனுப்ப நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஊர் அணிகளின் கால்பந்துப் பயிற்சியாளர்கள்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.