150 ஏஎச் பேட்டரி சரி, உங்கள் பேக்கப் அட்டவணைதான் தவறு

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியின் பெட்டியில் அச்சிட்டுள்ள பேக்கப் நேரம் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். பேட்டரியில் கோளாறு என்று இந்தக் கடிதத்தை எழுதவில்லை. பேட்டரி நன்றாகவே இருக்கிறது. புகார், அது வந்த பெட்டியின் மேல். பக்கவாட்டில் உள்ள அட்டவணை 400 வாட் லோடுக்கு நாலரை மணி நேரம், 100 வாட்டுக்கு 18 மணி நேரம் என்கிறது. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது பார்த்தாலே தெரிகிறது. 12ஐ 150ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. அதை லோடால் வகுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இடையில் இன்வெர்ட்டர் என்று ஒன்று இருப்பதுகூட கணக்கில் வரவில்லை.

சோதித்த விதம் இது. முழு சார்ஜுக்குப் பின் ஆறு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.240 காட்டியது. ஓர் இரவு சும்மா விட்டபின் 12.5 வோல்ட். லோடாக நான்கு 100 வாட் குண்டு பல்புகள். மின்விசிறியையும் எல்இடியையும் கலந்தால் பவர் ஃபேக்டர் கணக்கைக் குழப்பும் என்பதால் அவை வேண்டாம் என்று விடப்பட்டன. வாட் மீட்டரில் 400 வாட். பேட்டரி பக்கம், கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் தொடக்கத்தில் 11.9 வோல்ட்டில் 40 ஆம்பியர் காட்டியது. அதாவது 476 வாட் உள்ளே போய் 400 வாட் வெளியே வருகிறது. இன்வெர்ட்டரின் செயல்திறன் 84 சதவீதம். வோல்டேஜ் இறங்க இறங்க ஆம்பியர் ஏறி, 10.8 வோல்ட்டில் இன்வெர்ட்டர் தானே நின்றபோது 44 ஆகியிருந்தது. சராசரி 42. ஓடிய நேரம் 2 மணி 34 நிமிடம். கிடைத்தது 108 ஏஎச்.

அதே பேட்டரியைத் திரும்ப முழுமையாக சார்ஜ் செய்து, இன்வெர்ட்டர் இல்லாமல் ரியோஸ்டாட் (மாற்றக்கூடிய மின்தடை) வழியாக 7.5 ஆம்பியரில் நிலையாக வைத்து, 27 டிகிரியில், 10.5 வோல்ட் வரை இறக்கியதில் 19 மணி 40 நிமிடம் தாங்கியது. 147.5 ஏஎச். இதனால்தான் பேட்டரி மேல் குறையில்லை என்கிறேன். 150 ஏஎச் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் மட்டும் கிடைக்கும் அளவு. அந்த 20 மணி நேரத்தைக் குறிக்கும் 'சி20' என்ற சொல் பேட்டரியின் லேபிளில் பொடி எழுத்தில் இருக்கிறது. பெட்டியின் முகப்பில் பெரிதாக உள்ள '150' பக்கத்தில் இல்லை.

42 ஆம்பியர் இழுக்கும்போது தகடுகளின் நுண்துளைகளில் உள்ள அமிலம் தீரும் வேகத்துக்கு, வெளியிலுள்ள அமிலம் உள்ளே ஊறி வர முடிவதில்லை. செயல்படும் பொருள் மிச்சம் இருக்கும்போதே வோல்டேஜ் சரிந்துவிடுகிறது. மிச்சம் வீணாவதில்லை, சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் வோல்டேஜ் மீளும், சின்ன லோடு மேலும் ஓடும். 1897இல் ஜெர்மன் விஞ்ஞானி பியூகர்ட் சூத்திரமாகவே எழுதிவைத்த விஷயம் இது, பேட்டரி செய்யும் உங்களுக்குப் புதிதல்ல. மேலே சொன்ன இரு சோதனைகளிலிருந்து இந்தப் பேட்டரியின் அடுக்கெண், அதாவது ஆம்பியர் ஏறும்போது ஓடும் நேரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அந்தச் சூத்திரத்தில் காட்டும் எண், 1.18 என்று வருகிறது. கட்-ஆஃப், அதாவது நிறுத்தும் வோல்டேஜ், 10.5க்குப் பதில் 10.8 என்பதால் சில நிமிடங்கள் போயிருக்கலாம். இரண்டு மணி நேரம் போகாது. அதே அடுக்கெண்ணில் 100 வாட் லோடு, அதாவது பேட்டரியில் சுமார் 10 ஆம்பியர், 14 மணி நேரம் வரும். உங்கள் 18 அல்ல.

இன்னொன்று. உங்கள் கையேடு, ஆயுள் நீடிக்க 80 சதவீதத்துக்கு மேல் இறக்காதீர்கள் என்கிறது. அட்டவணையோ நூறு சதவீதமும் உறிஞ்சினால்கூட வராத நேரத்தைச் சொல்கிறது. கையேட்டை மதித்தால் 400 வாட்டுக்கு உண்மையில் கிடைப்பது இரண்டு மணி நேரம்தான்.

வந்த சர்வீஸ் ஊழியர் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆனால் ஒரேயடியாக அதிக ஆம்பியர் இழுத்துப் பார்க்கும் ஹை-ரேட் டெஸ்டரை சில விநாடிகள் வைத்துப் பார்த்து, 'பேட்டரி ஓகே' என்று எழுதிக்கொடுத்து புகாரை முடித்துவிட்டார். அந்தக் கருவி செத்த செல்லைக் காட்டும். எத்தனை மணி நேரம் ஓடும் என்று சொல்லாது.

சரியான எண் அச்சாகியிருந்தால் வாங்கும்போதே முடிவு வேறாகியிருக்கும். இதே பேட்டரி இரண்டை இணையாக இணைத்தால் ஒவ்வொன்றிலும் 21 ஆம்பியர்தான். ஓடும் நேரம் இரட்டிப்பையும் தாண்டி 5 மணி 50 நிமிடம் ஆகும். 80 சதவீதத்தில் நிறுத்தினாலும் 4 மணி 40 நிமிடம். நீங்கள் ஒரு பேட்டரிக்குச் சொன்ன நாலரை மணி நேரத்துக்கு உண்மையில் இரண்டு தேவை.

ஆகவே பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையைத் தர வேண்டும். அல்லது அதே வகைப் பேட்டரி இன்னொன்றை, அதே தயாரிப்புத் தொகுதியில், கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும். பழையதோடு புதியதை இணைத்தால் இரண்டும் ஒரே அளவு சார்ஜ் ஆகாது என்பதால் தொகுதியை வலியுறுத்துகிறேன். அட்டவணையைத் திரும்பப் பெற்று, சி20, சி10, சி5 அளவுகளையும் கட்-ஆஃப் வோல்டேஜையும் கணக்கில் கொண்ட இன்வெர்ட்டர் செயல்திறனையும் பெட்டியின் முகப்பிலேயே அச்சிட வேண்டும்.

ரசீது நகல், பெட்டியின் படம், இரு சோதனைகளிலும் எடுத்த அளவுகள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தேவை. 'பேட்டரி ஓகே' என்ற பதில் வேண்டாம்; அது எனக்கும் தெரியும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்